சம்பளத்தில் கழித்த பணம் எங்கே செல்கிறது?

இருள் பிரியுமுன் எழுந்து, பெரட்டுக் களத்தில் நின்று, மரம் சீவி, பால் எடுத்து, நிறுவைக்குக் கொண்டு சேர்க்கும் தொழிலாளிக்கு மாதம் ஒரு முறை தோட்ட அலுவலகம் ஒரு சிறு சீட்டைத் தருகிறது. அதனை வாங்கியதும் நம்மில் பெரும்பாலோர் செய்வது என்ன? சீட்டின் கடைசி வரியிலுள்ள தொகையை மட்டும் பார்க்கிறோம். அது வங்கியில் சேர்ந்துவிட்டதா என்று உறுதி செய்துகொள்கிறோம். பிறகு சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறோம். சட்டையைத் துவைக்கும் நாளில் சீட்டும் தண்ணீரோடு போய்விடுகிறது.

அவ்வாறு போவது வெறும் காகிதம் அன்று. உழைப்பாளி முதுமையில் நம்பியிருக்கும் சேமிப்புக்கும், விபத்து நேர்ந்தால் குடும்பத்தைத் தாங்கும் உதவிக்கும், செலுத்திய வரிக்கும் அதுவே முதற்சான்று. சம்பளத்தில் முதலாளி எவற்றைக் கழிக்கலாம், கழித்த பணம் எந்த இலாகாவுக்குச் செல்கிறது, அது போய்ச் சேர்ந்ததா என்று தொழிலாளி எவ்வாறு கண்டுகொள்வது என்பனவற்றை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

எவற்றைக் கழிக்கலாம்?

கங்காணி முறையில் கடல் கடந்து வந்த நம் முன்னோருள் பலர் கடனோடுதான் கரையேறினர். வழிச்செலவுக்கும் அரிசிக்கும் வாங்கிய முன்பணம் கணக்கில் ஏறும். கூலி நாளில் கழியும். கையில் எஞ்சுவது கங்காணி சொன்ன தொகையே. கணக்குப் புத்தகம் ஒரு பக்கத்தாரிடம் மட்டுமே இருந்த காலம் அது.

1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் இதற்கு ஓர் ஒழுங்கை வகுத்தது. இன்று சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் ஊதியம் கொடுபட வேண்டும். அது தொழிலாளியின் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட வேண்டும். முதலாளி கொடுத்த முன்பணத்தைத் திரும்பப் பிடிக்கலாம்; ஆனால், அதற்கு வட்டி வாங்கக் கூடாது. சம்பளத்தை இன்ன கடையில்தான் செலவிட வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் கூடாது.

சேமநிதி, சொக்சோ, வருமான வரி ஆகியவற்றுக்கான கழிவுகள் சட்டத்தின் ஆணையால் நிகழ்பவை. அவற்றுக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டுவதில்லை. தொழிற்சங்கச் சந்தாவும் கூட்டுறவுச் சங்கப் பங்குத் தொகையும் தொழிலாளி எழுத்து மூலம் கேட்டுக்கொண்டால் மட்டுமே கழிக்கத் தக்கவை. மூன்றாம் தரப்பினருக்குச் செலுத்தும் பணமாயின், அவ்வெழுத்து வேண்டுகோளுடன் தொழிலாளர் இலாகாவின் முன் அனுமதியும் தேவை. பொதுவாக ஒரு மாதக் கழிவுகள் அனைத்தும் சேர்ந்து அம்மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதும் சட்டம்.

கழிவு என்றாலே நட்டம் என்று எண்ணுவதும் சரியன்று. 1960ஆம் ஆண்டில் துன் வீ.தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தோன்றிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தோட்டத் தொழிலாளர் பலர் சிறுசிறு தவணைகளாகப் பணம் கட்டிப் பங்குதாரர் ஆயினர். துண்டாடப்பட்டு விலைபோன தோட்டங்களுக்கு இடையே சங்கம் தோட்டங்களை வாங்குவதற்கு அப்பணமே அடித்தளமாயிற்று. ஆகவே, கழிவு நல்லதா கெட்டதா என்பதைவிட, அது உரிய இடத்தைச் சென்றடைந்ததா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

சேமநிதி: இரு கைகள் இடும் பணம்

ஊழியர் சேமநிதி 1951ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் தோன்றியது. 1952இல் தொழிலாளியும் முதலாளியும் சம்பளத்தில் நூற்றுக்கு 5 வீதம் செலுத்தினர். இப்பொழுது 60 வயதுக்குட்பட்ட குடிமக்களாயின் தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 11. மாதச் சம்பளம் 5,000 வெள்ளிக்கு மேற்படாதவர்க்கு முதலாளியின் பங்கு நூற்றுக்கு 13. 60 வயதைக் கடந்தும் வேலை செய்யும் குடிமக்களுக்கு முதலாளி நூற்றுக்கு 4 செலுத்த வேண்டும். அவர்களது சம்பளத்தில் கட்டாயக் கழிவு இல்லை. 2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதச் சம்பளம் தொடங்கி வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் இரு தரப்பும் நூற்றுக்கு 2 வீதம் செலுத்துவது கட்டாயமாயிற்று.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 2025ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அத்தொகையைப் பெறும் தொழிலாளியின் சீட்டில் சேமநிதிக்கென 187 வெள்ளி கழிக்கப்பட்டிருக்கும். அதனோடு முதலாளி தம் பங்காக 221 வெள்ளி சேர்க்க வேண்டும். ஆக, மாதந்தோறும் தொழிலாளியின் பெயரில் 408 வெள்ளி சேர்கிறது. ஓர் ஆண்டில் அது 4,896 வெள்ளி. அதற்கு மேல் லாப ஈவும் உண்டு. வழக்கமான சேமிப்புக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டரைக்குக் குறையாத லாப ஈவைச் சட்டமே உறுதி செய்கிறது.

இவ்விடத்தில் ஓர் ஆசை வார்த்தையைப் பற்றி எச்சரிக்க வேண்டியுள்ளது. சில ஒப்பந்தக்காரர்கள், "சேமநிதி எதற்கு? கழிவில்லாமல் முழுச் சம்பளத்தையும் கையில் தருகிறேன்" என்பர். கேட்பதற்கு இனிமையாக இருக்கும். கணக்கிட்டுப் பார்த்தாலோ, மாதம் 187 வெள்ளி கூடுதலாகக் கையில் வாங்கும் தொழிலாளி, தமக்கு வர வேண்டிய 221 வெள்ளியை இழக்கிறார். அதாவது ஓராண்டில் 2,652 வெள்ளியும் பத்தாண்டுகளில் 26,520 வெள்ளியும் முதலாளியின் பையிலேயே தங்கிவிடுகின்றன. லாப ஈவின் இழப்பு இதில் சேரவில்லை. இத்தகைய வாய்மொழி உடன்பாடு சட்டத்தின் முன் செல்லாது. ஒப்பந்தக்காரரும் முதலாளியே, சந்தா செலுத்தும் கடப்பாடு அவருக்கும் உண்டு.

சொக்சோ: இடர் வந்த நாளில் துணை

1969ஆம் ஆண்டின் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் 1971இல் செயற்படத் தொடங்கியது. வேலை விபத்துத் திட்டத்திற்கு முதலாளி மட்டுமே சந்தா செலுத்துகிறார். இயலாமைத் திட்டத்திற்கு இரு தரப்பும் ஏறத்தாழ நூற்றுக்கு அரை வீதம் செலுத்துகின்றன. 1,700 வெள்ளி வாங்குபவர்க்கு அது சுமார் 8 வெள்ளி. இவற்றுடன் 2018ஆம் ஆண்டு தொடங்கிய வேலைக் காப்புறுதித் திட்டத்திற்கும் ஒரு சிறு கழிவு உண்டு. தோட்டம் விற்கப்பட்டோ வீடமைப்புத் திட்டமாக மாற்றப்பட்டோ வேலை போகும் நிலையில், தகுதி உடையவர்க்குச் சில மாதங்கள் உதவித்தொகை தருவது இத்திட்டமே.

எட்டு வெள்ளிதானே என்று இதனை அலட்சியமாக எண்ணலாகாது. நோயினால் இனி உழைக்கவே முடியாது என்ற நிலைக்கு 60 வயதுக்கு முன் ஒருவர் ஆளானால், இயலாமை ஓய்வூதியத்திற்கு விண்ணப்பிக்கலாம். அப்போது நிறுவனம் பார்ப்பது சந்தாப் பதிவை. முழுத் தகுதிக்குரிய வழிகளுள் ஒன்று, முந்திய 40 மாதங்களில் 24 மாதங்களுக்கேனும் சந்தா செலுத்தப்பட்டிருப்பதாகும். சீட்டில் கழித்தும் நிறுவனத்தில் பதியாமலும் விட்ட மாதங்கள், அந்த நாளில்தான் தங்கள் விலையைக் காட்டும். படுக்கையில் கிடப்பவர் பழைய சீட்டுகளைத் தேடி அலைய இயலுமா?

வருமான வரி: யார் கட்ட வேண்டும்?

மலாயாவில் வருமான வரி 1948ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. இன்றைய சட்டம் 1967இல் இயற்றப்பெற்றது. முன்பெல்லாம் ஆண்டு முடிந்து கணக்குப் பார்த்தபின் மொத்தமாக வரி கட்டுவர். 1995ஆம் ஆண்டு ஜனவரி முதல், முதலாளியே மாதந்தோறும் சம்பளத்திலிருந்து கழித்துச் செலுத்தும் முறை வந்தது. இதுவே 'பி.சி.பி.' என்று வழங்கும் மாதாந்திர வரிக் கழிவு.

சம்பளம் வாங்கும் எல்லாரும் வரி கட்ட வேண்டும் என்பதில்லை. பொதுவாக, சேமநிதிக் கழிவு போக ஆண்டுக்கு 34,000 வெள்ளிக்கு மேல் பெறுவோரே வரிப் பதிவு செய்துகொள்ள வேண்டியவர். குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டு முழுமைக்கும் 20,400 வெள்ளியே ஆதலால், அதனை மட்டும் பெறும் உள்நாட்டுத் தொழிலாளியின் சீட்டில் வரி என்று ஒரு தொகை காணப்பட்டால், காரணம் கேட்பது அவசியம். தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலைக்கும் நகரத்து அலுவலகத்திற்கும் வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கோ இக்கழிவு நேரக்கூடும். அவர்கள் இதன் முறையை அறிந்திருக்க வேண்டும்.

கழிக்கப்படும் தொகை எல்லார்க்கும் ஒன்று அன்று. மணமாகாதவர், மணமாகி மனைவியோ கணவரோ வருமானம் இல்லாதவர், இருவரும் வேலை செய்பவர் என்று பிரித்து, பிள்ளைகளின் எண்ணிக்கையையும் பார்த்தே முதலாளி கணக்கிடுகிறார். திருமணம் நடந்ததையும் குழந்தை பிறந்ததையும் அலுவலகத்திற்குத் தெரிவிக்காமல் இருந்தால், தேவைக்கு மேல் கழியும். அவ்வாறு மிகுதியாகக் கழிந்தது ஆண்டுக் கணக்கைச் சமர்ப்பித்த பின்னரே திரும்பக் கிடைக்கும்.

அந்த ஆண்டுக் கணக்குக்கு அடிப்படை 'இ.ஏ.' படிவம். சென்ற ஆண்டில் கொடுத்த சம்பளம், கழித்த வரி, சேமநிதி ஆகியவற்றைத் தொகுத்து, பிப்ரவரி மாத இறுதிக்குள் ஒவ்வோர் ஊழியருக்கும் முதலாளி இதனைத் தர வேண்டும். ஊழியர் அனைவரின் விவரங்களையும் அடக்கிய வேறொரு படிவத்தை மார்ச் 31க்குள் வருமான வரி வாரியத்திற்கு அவர் அனுப்ப வேண்டும். ஆக, முதலாளி வாரியத்திடம் சொல்லும் கணக்கும் ஊழியரிடம் சொல்லும் கணக்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். வேலையை விட்டு விலகியவரும் தம் இ.ஏ. படிவத்தைக் கேட்டு வாங்க உரிமையுடையவர்.

ஒரே சம்பளம், மூன்று கணக்கு

சீட்டைக் கூர்ந்து பார்க்கத் தொடங்குவோர்க்கு ஓர் ஐயம் எழலாம். சேமநிதிக்கு ஒரு தொகையின் மீதும் சொக்சோவுக்கு வேறொரு தொகையின் மீதும் கணக்கிட்டிருப்பது போல் தோன்றும். இது தவறன்று. 'சம்பளம்' என்ற சொல்லுக்கு ஒவ்வொரு சட்டமும் தனித்தனியே பொருள் கூறுகிறது.

மிகைநேர ஊதியத்தின் மீது சேமநிதி பிடிப்பதில்லை; சொக்சோ பிடிக்கும். ஆண்டு போனஸ் மீது சேமநிதி உண்டு, சொக்சோ இல்லை. வருமான வரிக்கு இவ்விரண்டுமே வருமானம். ஆனால், கூடுதலாக எடுத்த பாலுக்கும் ஒட்டுப்பாலுக்கும் எடைப்படி கொடுக்கும் கூலி மிகைநேர ஊதியம் அன்று. அது உழைப்பின் கூலியே. அதன் மீது சேமநிதி செலுத்தப்பட வேண்டும்.

இதில்தான் ஏமாற்றத்திற்கு இடமுண்டு. ஒருவர் மாதச் சம்பளமும் எடைக்கூலியுமாக 2,100 வெள்ளி பெறுகிறார் என்று கொள்வோம். அவருக்குச் சேர வேண்டிய சேமநிதி, இரு பங்கும் கூட்டி, 504 வெள்ளி. அவரது சம்பளம் 1,700 வெள்ளி என்று மட்டும் வாரியத்திற்கு அறிவிக்கப்பட்டால் 408 வெள்ளியே சேரும். மாதம் 96 வெள்ளி. ஆண்டுக்கு 1,152 வெள்ளி ஓசையின்றிக் குறைந்துபோகிறது. கழிவு குறைந்ததால் கைக்கு வந்த பணம் சற்றுக் கூடுதலாக இருக்கும். அதனாலேயே ஒருவரும் கேட்பதில்லை. ஆகவே, செக்ரோலில் பதியும் நாள்களையும் நிறுவையில் எழுதும் எடையையும் தாமே ஒரு சிறு குறிப்பேட்டில் குறித்துக்கொள்வது நன்று. சரியான கணக்கு பால் நிறுக்கும் இடத்திலேயே தொடங்குகிறது.

கழித்த பணம் யாருடையது?

கழித்த பணம் முதலாளியின் பணம் அன்று. சம்பளத்திலிருந்து எடுத்த அக்கணமே அது தொழிலாளிக்காக ஒப்படைக்க வேண்டிய பொருளாகிறது. அடுத்த மாதம் 15ஆம் நாளுக்குள் சேமநிதியும் சொக்சோவும் வரிக் கழிவும் உரிய இடங்களுக்குச் சென்றாக வேண்டும். ரப்பர் விலை இறங்கியது, வங்கி கடன் தரவில்லை என்ற காரணங்களைக் காட்டி அதனை வேறு செலவுக்குத் திருப்ப எவர்க்கும் உரிமை இல்லை.

சட்டமும் இதனைக் கடுமையாகவே நோக்குகிறது. தொழிலாளியின் பங்கைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டு சேமநிதி வாரியத்திற்குச் செலுத்தாத முதலாளிக்கு 6 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பாக்கி வைத்த நிறுவனத்தின் இயக்குநர்கள் வெளிநாடு செல்வதைத் தடுக்கவும் வாரியம் நடவடிக்கை எடுக்கலாம். மாதாந்திர வரியைப் பிடிக்காமலோ செலுத்தாமலோ விட்டால், 200 வெள்ளி முதல் 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

எனினும், இத்தண்டனைகளெல்லாம் தவறு வெளிப்பட்ட பின்னரே பயன்படும். தோட்டம் கைமாறி, பழைய நிறுவனம் கலைந்து, அலுவலகக் கிராணியும் ஊர் மாறிப் போன பிறகு பத்தாண்டுப் பாக்கியைக் கண்டெடுப்பது எளிதன்று. தவறிய முதல் மாதத்திலேயே கண்டுகொண்டால், ஒரு கேள்வியிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

தொழிலாளி செய்ய வேண்டியவை

முதலாவதாக, சம்பளச் சீட்டைக் கேட்டுப் பெற வேண்டும். வேலையின் வகை, கூலி விகிதம், மிகைநேரம், ஒவ்வொரு கழிவும் அதன் காரணமும் அதில் தெளிவாக இருத்தல் அவசியம். 'இதர கழிவு' என்று பெயரில்லாமல் ஒரு தொகை இருந்தால், அது என்னவென்று வினவ வேண்டும். சீட்டில் முதலாளியின் பெயர் தோட்டத்தினுடையதா, ஒப்பந்தக்காரருடையதா என்பதையும் பார்த்து வைத்துக்கொள்க.

இரண்டாவதாக, சீட்டுகளை மாத வரிசையில் கோத்து வைக்க வேண்டும். முதலாளி தம் பதிவேடுகளை 6 ஆண்டுகள் வைத்திருக்கக் கடமைப்பட்டவர். தொழிலாளியோ தம் சீட்டுகளைப் பணி ஓய்வு பெறும் வரை காப்பது சிறப்பு. பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இருக்கும் அதே பெட்டியில் இவற்றுக்கும் ஓர் இடம் தரலாம்.

மூன்றாவதாக, சீட்டில் கண்ட தொகையைச் சேமநிதி வாரியத்தின் கணக்கோடு ஒப்பிட வேண்டும். மூன்று மாதத்திற்கு ஒரு முறை செய்தாலும் போதும். கைத்தொலைபேசியில் வாரியத்தின் உறுப்பினர் கணக்கைத் திறந்து, எந்த மாதத்திற்கு எவ்வளவு சேர்ந்தது என்று காணலாம். இயலாதவர்கள் அடையாள அட்டையுடன் அருகிலுள்ள வாரியக் கிளைக்குச் சென்று கேட்கலாம். படித்த பிள்ளைகள் பெற்றோருக்கு இந்த ஒரு சிறு பணியைச் செய்து கொடுப்பார்களாயின், அது பேருதவியாகும்.

நான்காவதாக, வேறுபாடு தெரிந்தால் வாளாவிருத்தல் கூடாது. முதலில் அலுவலகத்தில் அமைதியாகக் கேட்க வேண்டும். எழுதுவதில் நேர்ந்த பிழையாகவும் இருக்கலாம். தக்க விடை கிடையாதபோது தொழிற்சங்கத்தின் துணையை நாடலாம். 1954இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் இத்தகைய வழக்குகளைக் கையாண்ட அனுபவம் உடையது. சேமநிதிக் குறை பற்றி வாரியத்திடமும், சொக்சோ பற்றி அந்நிறுவனத்திடமும், சம்பளமும் முறையற்ற கழிவும் பற்றித் தொழிலாளர் இலாகாவிடமும் நேரே புகார் செய்யலாம். தொழிலாளர் இலாகாவின் விசாரணைக்கு வழக்குரைஞரை அமர்த்த வேண்டுவதில்லை. அங்கே தொழிலாளியின் பக்கம் பேசுவது அவர் சேர்த்து வைத்த சீட்டுகளே.

நேர்மையான முதலாளிக்கு இக்கேள்விகளால் குறை ஒன்றும் இல்லை. கணக்கு சரியாக உள்ள தோட்டத்தில் தொழிலாளி கேட்பதும் கிராணி காட்டுவதும் இயல்பாகவே நடைபெறும். ஐயம் நீங்கினால் இரு தரப்பிலும் நம்பிக்கை வளரும்.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் பெரியோர் வாக்கு. மாதந்தோறும் நம் சம்பளத்திலிருந்து ஒரு பகுதி நம் கண்ணுக்குத் தெரியாத இடத்திற்குச் செல்கிறது. அது ஆற்றில் போட்ட பணம் அன்று. முதுமைக்கும் இடர்க்காலத்திற்கும் நாம் விதைக்கும் விதை. அதனை அளந்து பார்க்கும் படியாகச் சம்பளச் சீட்டு நம் கையிலேயே உள்ளது. அடுத்த சம்பள நாளில் கடைசி வரியோடு நில்லாமல், முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்குவோமாக.